படத்தில் இல்லாத கடிதம்

செண்டாயானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் வேலை செய்யும் ஆசிரியை போன மாதம் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய அப்பா என்னிடம் படித்தவர். அவர்கள் பள்ளியில் வாரம் ஒருமுறை இளையோர் படம் ஒன்றைத் திரையிட்டு, அதை வைத்து மொழிப்பாடமும் நன்னெறியும் நடத்தப் போகிறார்களாம்.

"எஸ்டேட் ஸ்கூல்ல அந்தக் காலத்துலயே நீங்க படம் போட்டுப் பாடம் நடத்துவீங்கன்னு அப்பா சொன்னாரு சார். எப்படிச் செஞ்சீங்கன்னு எழுதிக் கொடுங்களேன். எங்க டீச்சர்ஸ் எல்லாரும் படிக்கட்டும்" என்றார்.

எத்தனை பிள்ளைகள், எத்தனை நிமிடப் படம், வகுப்பறைக்கு எத்தனை சன்னல் என்று கேட்டேன்.

"சன்னல் எதுக்கு சார்? பெரிய ஸ்கிரீன் இருக்கு. பட்டப்பகல்லயே பளிச்சுன்னு தெரியும்" என்று சிரித்தார். பிறகு போகிற போக்கில் ஒன்று சொன்னார். "சோகமான இடம் வந்தா மட்டும் வெட்டிட்டுப் போடுறோம் சார். சின்னப் பிள்ளைங்க லா. நமக்கு எதுக்கு வம்பு?"

அந்தக் கடைசி வாக்கியத்துக்குப் பிறகு எனக்கு நிம்மதி போய்விட்டது. பாரோயில் நான் இப்போது இருக்கும் மகன் வீட்டு வாசலிலிருந்து பாதை முனைவரை அறுபத்திரண்டு எட்டு. அன்று மாலை ஒன்பது தடவை நடந்தேன். தொலைபேசியில் அவரைத் திரும்ப அழைத்துச் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் இது தொலைபேசியில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை.

நான் முப்பத்துமூன்று ஆண்டுகள் ஆசிரியர். நான்கு பள்ளிகள். அவற்றில் இரண்டு இப்போது இல்லை. பயிற்சிக் கல்லூரியில் கழித்த ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கரும்பலகையில் கோணாமல் எழுதவும், இருமாமல் ஒரு மணி நேரம் பேசவும் அங்கே கற்றேன். மற்றதை எல்லாம் கோலா பிலாவிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு தோட்டத்துப் பள்ளியில்தான் கற்றேன். ஒன்பது ஆண்டுகள் அங்கே இருந்தேன். ஆறு வகுப்புகள், ஐந்து ஆசிரியர்கள், ஒரு தலைமையாசிரியர்.

தலைமையாசிரியரின் பெயர் அருளானந்தம். அவருடைய அப்பா ரயில்வேயில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவர். பாட்டன் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். மூன்று தலைமுறை ஆகியும் அவர் பேச்சில் அந்த ஊர் போகவில்லை. எங்களை 'மாஸ்டர்' என்பார், 'நீர்' என்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். சாதாரணக் கோபத்துக்கு மூன்று துடைப்பு. ஐந்துக்கு மேல் போனால் நாங்கள் யாரும் அன்று அவர் அறைப் பக்கம் போவதில்லை. தோட்டத்துச் செம்மண் பாதையில் நடந்து வந்தாலும், வகுப்புக்குள் நுழையும் முன் காலணியின் இரண்டு பக்கத்தையும் புல்லில் தேய்த்துவிட்டுத்தான் வருவார்.

கல்வி இலாகாவின் வள மையத்தில் ஒரு படம் காட்டும் கருவியும் பிள்ளைகளுக்கான பதினான்கு படச்சுருள்களும் இருக்கின்றன, பள்ளிகள் முறை வைத்து எடுத்துப் போகலாம் என்று சுற்றறிக்கை வந்தது. மற்றப் பள்ளிகள் அதைக் கோப்பில் வைத்தன. அருளானந்தம் சார் என்னைக் கூப்பிட்டார்.

"மாஸ்டர், உமக்கு மோட்டார் சைக்கிள் இருக்குது. உமக்குத்தான் இந்த வேலை."

இப்படித்தான் நான் படம் காட்டும் ஆசிரியர் ஆனேன்.

பகலில் தோட்டத்தில் மின்சாரம் கிடையாது. எஞ்சின் மாலை ஆறு மணிக்குத்தான் ஓடும். தலைமையாசிரியர் தோட்டத்து ஆபீசுக்குப் போய் நிர்வாகியிடம் பேசி, மாதத்தில் ஒரு வியாழக்கிழமை காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை எஞ்சினை ஓட விடச் சம்மதம் வாங்கினார். அடுத்த சிக்கல் வெளிச்சம். கரும்பலகை இருக்கும் முன்சுவரைத் தவிர எங்கள் வகுப்பறைக்கு இடுப்பளவுதான் சுவர். அதற்கு மேல் கம்பிவலை. காலை பத்து மணி வெயிலில் எந்தப் படமும் தெரியாது.

அதற்கு வழி கண்டவள் அஞ்சலை. எண்ணெய் எடுக்கும் செம்பனைக் கன்றுகள் வளர்க்கும் நர்சரியில் மண் நிரப்பும் வேலை அவளுக்கு. ஐந்தாம் வகுப்பில் படித்த வளர்மதியின் தாய். இரண்டு பெயரையும் மாற்றித்தான் எழுதுகிறேன்.

"சார், கன்னு வைக்கிற கறுப்புப் பை கிழிஞ்சதெல்லாம் குப்பையா கெடக்குது. பிரிச்சுத் தைச்சுப் போட்டா சூரியனே உள்ள வராது. வேலை வாங்குற மண்டோருகிட்ட நான் கேட்டு வாங்கியாறேன்" என்றாள்.

அவளும் இன்னும் மூன்று பெண்களும் வேலை முடிந்து வந்து, இருநூற்றுப் பதினெட்டுப் பைகளைப் பிரித்துக் கோணி ஊசியால் தைத்தார்கள். எட்டுத் திரைகள் வந்தன. கம்பிவலையில் கட்டினால் உள்ளே கும்மிருட்டு. புழுக்கமும் அப்படித்தான். இருபத்தேழு பிள்ளைகளும் நானும் கருவியின் சூடும் சேர்ந்தால் பத்து நிமிடத்தில் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும். ஒரு பிள்ளையும் வெளியே போகிறேன் என்று சொன்னதில்லை.

நான் மட்டும் கவலைப்பட்டுக்கொண்டே இருப்பேன். பல்பு போய்விடுமா, எஞ்சின் நின்றுவிடுமா, சுருளின் ஓரத்துத் துளை கிழிந்துவிடுமா. ஒரு கிழிசலுக்கு வள மையத்தில் இரண்டு பக்கம் விளக்கம் எழுத வேண்டும். ஒன்பது ஆண்டில் நான்கு முறை எழுதினேன்.

தலைமையாசிரியர் ஒரு முறை வகுத்திருந்தார். படம் தொடங்கும் முன் கரும்பலகையில் மூன்று கேள்விகள். நடுவில் இரண்டு இடங்களில் படத்தை நிறுத்த வேண்டும். முடிந்ததும் பிள்ளைகள் ஐந்து வாக்கியம் எழுத வேண்டும். எந்த இடத்தில் நிறுத்துவேன், என்ன கேட்பேன் என்பதை முதல் நாளே ஒரு தாளில் எழுதி அவர் மேசையில் வைக்க வேண்டும்.

"படம் ஓடும்போது பிள்ளை பார்க்குது, மாஸ்டர். நிறுத்தினால்தான் யோசிக்குது. எங்கே நிறுத்திறீர் என்பதிலைதான் நீர் வாத்தியார்."

நிறுத்துவது எளிதல்ல. விளக்கை எரியவிட்டு நிறுத்தினால் சூட்டில் படம் கருகிவிடும். விளக்கையும் சேர்த்து அணைக்க வேண்டும். அதனால் என் கேள்வி பதில் எல்லாம் இருட்டிலேயே நடந்தது. இதில் எதிர்பாராத ஒரு நன்மை கிடைத்தது. வெளிச்சத்தில் எழுந்து நின்றால் வாயே திறக்காத பிள்ளைகள் இருட்டில் பேசினார்கள். ஆறு மாதமாக என்னிடம் 'ஆமா சார்' தவிர வேறு பேசாத ஒரு பிள்ளை, ஒரு நாள் இருட்டில் பதினோரு வாக்கியம் பேசினாள். எண்ணிக்கொண்டே கேட்டேன்.

முதல் படம் ஒரு குளிர்நாட்டுப் பிள்ளைகளைப் பற்றியது. தெருவெல்லாம் பனி. சுருள் ஓடத் தொடங்கியதும் பின்வரிசையில் கருணா கத்தினான்.

"சார்! அவங்க ஊருல ஐஸ் கச்சாங் ரோட்டுல கொட்டிக் கெடக்குது!"

"சீவின ஐஸுக்குச் சிரப்பு ஊத்தலடா இன்னும்" என்றது இன்னொரு குரல்.

வகுப்பு அடங்க நான்கு நிமிடமானது. எனக்கு எரிச்சல். தலைமையாசிரியரோ மறுநாள் கடையிலிருந்து ஐஸ் கட்டி வாங்கிவரச் சொல்லி, பனி எப்படி உண்டாகிறது என்று அதே வகுப்பில் அவரே பாடம் நடத்தினார். கருணாதான் ஐஸைச் சீவினான். அந்த ஆண்டு அறிவியலில் அவன் ஒரு கேள்விகூட விடாமல் எழுதினான்.

படங்கள் எல்லாம் ஆங்கிலம். எங்கள் பிள்ளைகளுக்கு அது எட்டாது. ஆகவே ஒலியைக் குறைத்துவிட்டு, கருவிக்குப் பக்கத்தில் நின்று நான் தமிழில் சொல்வேன். வள மையத்திலேயே இரண்டு முறை பார்த்து, ஒரு பயிற்சிப் புத்தகத்தில் பேச்சு முழுவதையும் தமிழில் எழுதிக்கொள்வேன். கிழவனுக்குக் கிழவன் குரல், குழந்தைக்குக் குழந்தைக் குரல். நான் நன்றாகவே செய்தேன். தோட்டத்து லயத்து வீடுகளில் பிள்ளைகள் என் குரல்களைப் பேசிக்காட்டி விளையாடுவதைக் கேட்டிருக்கிறேன். நான் சொல்வதுதான் படம் என்று அவர்கள் நம்புவதாக எண்ணிக்கொண்டேன். அந்த எண்ணம்தான் என்னைப் பிழை செய்ய வைத்தது.

ஒன்பதாவது சுருள் ஒரு மீனவர் ஊரைப் பற்றியது. இருபத்தாறு நிமிடம். ஒரு சிறுமியின் அப்பா படகில் போகிறார், திரும்பவில்லை. அவள் தினமும் படகுத்துறைக்குப் போய் நிற்கிறாள். ஒரு நாள் ஊர்க்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்து தாயிடம் ஏதோ சொல்கிறார். தாய் ஈரத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்கிறாள். பிறகு மகளிடம், 'அப்பா இனி வரமாட்டார்' என்கிறாள். அதற்குப் பிறகு சிறுமி துறைக்குப் போவதில்லை. அப்பாவின் பழைய துடுப்பைத் தன் உயரத்துக்கு அறுத்துக்கொண்டு, அக்கரையில் இருக்கும் பள்ளிக்குத் தானே படகில் போகிறாள். அதோடு படம் முடிகிறது.

வளர்மதியின் அப்பா ஏழு மாதத்துக்கு முன் பகாங் பக்கம் வெட்டுமரக் காட்டில் லாரி ஓட்டப் போனவர். முதல் இரண்டு மாதம் கடிதம் வந்தது. பிறகு வரவில்லை. அங்கே அவருக்கு வேறு குடும்பம் ஆகிவிட்டது என்று தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு வேலையாட்கள் கூடும் இடத்தில் அதைப் பேசாத ஆள் இல்லை. வளர்மதிக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அப்பா வேலையாக இருக்கிறார் என்று தாய் சொல்லி வைத்திருந்தாள்.

இதை எல்லாம் தெரிந்துகொண்டே அந்தச் சுருளை எடுத்து வந்தேன். முறைப்படி அந்த மாதம் எங்களுக்கு அதுதான். பகாவ் பக்கத்துப் பள்ளியோடு மாற்றிக்கொண்டிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை.

படம் ஓடியது. முதல் நிறுத்தத்தில், 'அவள் ஏன் துறைக்குப் போகிறாள்?' என்று கேட்டேன். பதினாறு பேர் பதில் சொன்னார்கள். வளர்மதி சொல்லவில்லை. தாய் கையைத் துடைக்கும் காட்சி வந்தபோது, கருவியிலிருந்து கசிந்த வெளிச்சத்தில் மூன்றாவது பெஞ்சில் வளர்மதியின் முதுகு தெரிந்தது. நிமிர்ந்து, ஒரு பலகை மாதிரி. என் கையில் பயிற்சிப் புத்தகம். அதில் மூன்று சொற்கள்: அப்பா இனி வரமாட்டார்.

என் வாயில் வேறு வந்தது. "அப்பா வேற ஊர்ல நல்லா இருக்காராம். கடிதம் வந்திருக்கு. வேலை முடிஞ்சதும் வந்துடுவார்" என்று அந்தத் தாயின் குரலில் சொன்னேன். அதனால்தான் சிறுமி துறைக்குப் போவதை நிறுத்திவிட்டாள் என்று அடுத்த காட்சிகளுக்கும் சேர்த்துச் சொல்லி முடித்தேன். ஒரு பிள்ளையும் ஒன்றும் கேட்கவில்லை. இரக்கப்பட்டு நல்ல காரியம் செய்துவிட்டதாக நினைத்தபடி மோட்டார் சைக்கிளில் சுருளைக் கட்டினேன்.

மறுநாள் வளர்மதி பள்ளிக்கு வரவில்லை. திங்களும் வரவில்லை. செவ்வாயும் இல்லை. புதன்கிழமை காலை அஞ்சலை, சேற்றுக் கையுறையைக்கூடக் கழற்றாமல், தலைமையாசிரியர் அறைக்கு வந்தாள். என்னையும் கூப்பிட்டார்கள்.

"யூனிபோம் போட்டுக்கிட்டுக் கெளம்புறா சார். பள்ளிக்கூடத்துக்குத்தான்னு நெனச்சேன். மெயின் ரோட்டு முக்குல பஸ்சு நிக்கிற எடத்துல நாலு நாளா நிக்கிறாளாம். வந்த பஸ்சையெல்லாம் மறிக்கிறாளாம். எங்கிட்ட அப்பாவப் பத்திக் கேக்கறத மூணு மாசமா விட்டிருந்தா. நீங்க என்ன சார் படம் காட்டினீங்க?"

தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். "அந்த இடத்திலை நீர் என்ன சொன்னீர், மாஸ்டர்? அப்பிடியே சொல்லும்."

சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். நான் எண்ணினேன். பன்னிரண்டு.

"முதல்லை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாரும்" என்றார்.

பள்ளியிலிருந்து பெரிய சாலைக்கு மோட்டாரில் பதினைந்து நிமிடம். வளர்மதி நிழற்குடையில் உட்காராமல் வெயிலில் நின்றாள். பகாவிலிருந்து வந்த பேருந்தின் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, கண்டக்டரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பாலாக் மரம் ஏத்துற லாரி ஓட்டுறவரு அண்ணே. கறுப்பா இருப்பாரு. இங்க கையில வெட்டுத் தழும்பு இருக்கும்."

"அந்தப் பக்கம் லாரி ஓட்டுறவன் எல்லாம் கறுப்புதான்மா. நேத்தும் கேட்ட, நான் இல்லேன்னேன்ல? எறங்கு, எறங்கு. சார், உங்க பிள்ளையா?"

பேருந்து போனது. நான் மோட்டாரை நிறுத்தினேன். "அப்பா வருவாருன்னு இங்க நிக்கிறியாம்மா?" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இல்ல சார். வரமாட்டாரு."

"யார் சொன்னா?"

"நீங்கதான் சார்."

"நான் வருவாருன்னுதானே சொன்னேன்?"

"கடுதாசி எங்க சார்?" என்றாள். "கடுதாசி வந்துச்சுன்னு சொன்னீங்க. அந்த அம்மா கையில ஈரத்துணிதான் இருந்துச்சு. வந்த ஆளு கையிலயும் ஒன்னும் இல்ல. மேசையிலயும் இல்ல. நான் நல்லாப் பாத்தேன். நீங்க எப்பவும் மாத்திச் சொல்ல மாட்டீங்க. அன்னைக்கு மட்டும் மாத்திச் சொன்னீங்க. எங்க அப்பாவப் பத்தி உங்களுக்கு என்னமோ தெரிஞ்சிருக்கு. கேட்டா நீங்களும் சொல்ல மாட்டீங்க, அம்மாவும் சொல்ல மாட்டாங்க. அதான் பஸ்காரங்களக் கேக்குறேன்."

பதினோரு வயது. நான் ஒன்பது சுருள்களாக அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே அதைத்தானே: உற்றுப் பார், பார்த்ததைச் சொல். அவள் என் வேலையைச் சரியாகச் செய்திருந்தாள். நான்தான் செய்யவில்லை.

அவளை ஏற்றிக்கொண்டு வந்தேன். பள்ளியில் அவளை வகுப்புக்கு அனுப்பிவிட்டு, நடந்ததைத் தலைமையாசிரியரிடமும் அஞ்சலையிடமும் சொன்னேன். "நானே அவளிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் சார். பிழை என்னுடையது" என்றேன்.

"உம்முடைய பிழை படத்திலை. அதை நீர் திருத்தும். தகப்பன்டை கதை உம்முடையது இல்லை" என்றார் அவர். பிறகு அஞ்சலையிடம், "அம்மா, நீங்கள்தான் சொல்ல வேணும். பிள்ளை ரோட்டிலை நிக்குது. இன்னும் நாள் போனால் ஒரு பஸ்சிலை ஏறிப் போய்விடும்" என்றார்.

அஞ்சலை வெகுநேரம் கையுறையில் காய்ந்த சேற்றை உரித்துக்கொண்டிருந்தாள்.

"செத்துப் போயிருந்தா சொல்லியிருப்பேங்க, பெரிய சார். ஒப்பாரி வச்சுச் சொல்லியிருப்பேன். உசுரோட இருக்கிற ஆளு வரமாட்டாருன்னு எப்படிங்க சொல்லுறது? ஏன்னு கேப்பாளே?" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "சார், அந்தப் படத்த இன்னொரு தடவை போடுங்க. உள்ளது உள்ளபடி சொல்லுங்க. நானும் வந்து பக்கத்துல ஒக்காந்துக்கிறேன். அதப் பாத்தா எனக்கு வாய் வருதான்னு பாக்கறேன்."

அன்று பிற்பகலே நான் பகாவ் பக்கத்துப் பள்ளிக்குப் போய், அவர்கள் முறையில் இருந்த சுருளைக் கெஞ்சி வாங்கினேன். கருவியையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்தேன். தலைமையாசிரியர் தோட்டத்து ஆபீசுக்குத் தாமே நடந்து போனார். அந்த மாதத்து எஞ்சின் நேரம் ஏற்கெனவே முடிந்துவிட்டது. ஆபீசில் இருந்த கிராணி முணுமுணுத்தாராம்.

"இந்த மாசம்தான் படம் பாத்தாச்சே சார்? மறுபடியும் என்ன படம்?"

"அதே படம். பிழையாய்ச் சொல்லிப்போட்டம், திருத்த வேணும்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். யார் சொன்ன பிழை என்று அவர் சொல்லவில்லை.

மறுநாள் பதினொரு மணிக்கு எஞ்சின் ஓடியது. எட்டுத் திரைகளையும் கட்டினோம். அஞ்சலை மூன்றாவது பெஞ்சில் மகள் பக்கத்தில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தாள். தலைமையாசிரியர் பின்னால் நின்றார்.

விளக்கைப் போடும் முன் நான் வகுப்பிடம் சொன்னேன். "போன வாரம் இந்தப் படத்துல ஒரு இடத்துல நான் பொய் சொல்லிட்டேன். இன்னைக்குச் சரியா சொல்லப் போறேன்."

பின்வரிசையிலிருந்து கருணாவின் குரல். "அப்ப, படம் பொய்யா சார்?"

"படம் பொய் இல்ல. நான்தான்."

"அப்ப நீங்க முட்டி போடணும் சார்! பொய் சொன்னா நீங்க எங்கள முட்டி போட வைப்பீங்கல்ல?"

வகுப்பு முழுவதும் சிரித்தது. பின்னால் தலைமையாசிரியர் சிரித்ததையும் அன்றுதான் முதன்முறையாகக் கேட்டேன். "முதல்லை படம். முட்டியைப் பிறகு பார்ப்பம்" என்றார்.

ஓட்டினேன். குரல் மாற்றிப் பேசவில்லை. என் சொந்தக் குரலிலேயே புத்தகத்தில் எழுதியிருந்ததைப் படித்தேன். ஊர்க்காரர் வந்தார். தாய் துணியை எடுத்தாள். சொன்னேன். "அப்பா இனி வரமாட்டார்."

தாளில் அங்கே நிறுத்தம் குறிக்கவில்லை. நிறுத்தாமல் ஓடவிட்டேன். சிறுமி துடுப்பைச் சுவரிலிருந்து எடுக்கும்போது பெஞ்சு கிரீச்சிட்டது. அஞ்சலை எழுந்து, வளர்மதியின் மணிக்கட்டைப் பிடித்து, கதவுப் பக்கத்துத் திரையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். ஒரு கணம் வெயில் உள்ளே வந்து படம் வெளுத்தது. பிறகு திரை விழுந்தது. திரைக்கும் தரைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. நான் நின்ற இடத்திலிருந்து அதன் வழியே நான்கு கால்கள் தெரிந்தன. இரண்டு நர்சரி பூட்ஸ், இரண்டு வெள்ளைக் கான்வாஸ் ஷூ.

மற்ற இருபத்தாறு பேருக்கும் நான் கதை சொல்ல வேண்டியிருந்தது. துடுப்பை அறுத்தாள். படகைத் தள்ளினாள். முதல் முறை படகு சுற்றிச் சுற்றி வந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். என் கண் கீழே இருந்தது. வெளியே என்ன பேசினார்கள் என்று கருவியின் சத்தத்தில் கேட்கவில்லை. ஒருமுறை வெள்ளைக் கான்வாஸ் இரண்டும் பின்னால் நகர்ந்தன. பூட்ஸ் அசையவில்லை. பிறகு கான்வாஸ் திரும்பி வந்து பூட்ஸுக்கு மிக அருகில் நின்றது. எங்கேயாவது ஓடிவிடுவாளோ என்று பயந்தேன். அந்த நான்கு கால்களும் இருந்த இடத்திலேயே வெகுநேரம் நின்றன.

படம் முடிந்தது. சுருளின் வால் தட்தட்டென்று அடித்தது. விளக்கை அணைத்தேன். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருந்தது. பன்னிரண்டுக்கு எஞ்சினை நிறுத்திவிடுவார்கள். பிள்ளைகள் ஐந்து வாக்கியம் எழுதப் புத்தகத்தை எடுத்தார்கள்.

திரை விலகியது. வளர்மதி தனியாக வந்தாள். அம்மா வேலைக்குத் திரும்பிவிட்டிருந்தாள். பிள்ளையின் முகம் கழுவியதுபோல் நனைந்திருந்தது. மூன்றாவது பெஞ்சுக்குப் போகவில்லை. நேராக என்னிடம் வந்தாள்.

"சார், நான் வெளிய போனப்ப படத்துல நெஜமா என்ன ஆச்சு?"

"சொல்றேம்மா. அந்தப் பொண்ணு அப்பாவோட..."

"சொல்லாதீங்க சார். போடுங்க. அவ அந்தத் துடுப்ப எடுக்குற எடத்துலேர்ந்து போடுங்க. நானே பாத்துக்கறேன்."

நான் தலைமையாசிரியரைப் பார்த்தேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு வாசலில் நின்ற மூத்த மாணவனிடம், இன்னும் பத்து நிமிடம் எஞ்சினை நிறுத்த வேண்டாம், பெரிய வாத்தியார் சொன்னார் என்று ஓடிப்போய்ச் சொல்லச் சொன்னார்.

"போடும், மாஸ்டர்."

நான் சுருளைக் கழற்றி மாற்றி மாட்டி, கையாலேயே பின்னால் சுற்றினேன். எத்தனை சுற்று என்று எனக்கு நினைவில்லை. விளக்கைப் போட்டபோது சுவரில் சிறுமியின் கை துடுப்புக்கு நீண்டது. ஒலியைக் குறைத்தேன். வாயை மூடிக்கொண்டு நின்றேன்.